கணினியின் காவலும் மனிதரின் பழக்கமும்

2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, டாக்காவிலுள்ள பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஊழியர்கள் பணி முடிந்து வீடு சென்றிருந்த வேளையில், அவ்வங்கியின் பெயரால் 35 பணப்பரிமாற்றக் கட்டளைகள் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியைச் சென்றடைந்தன. அவற்றின் மொத்தப் பெறுமதி 951 மில்லியன் டொலர்களாகும். உலகின் வங்கிகள் தமக்கிடையே பயன்படுத்தும் 'சுவிஃப்ட்' தகவல் முறைமையின் ஊடாக, உரிய சங்கேதங்களுடனும் உரிய வடிவத்திலும் அக்கட்டளைகள் அனுப்பப்பட்டிருந்தன. அனுப்பியவர்கள் மாத்திரமே அவ்வங்கியைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

உலகை உலுக்கிய இந்தக் கணினிக் கொள்ளை பற்றி அன்றைய நாட்களில் நிறையவே எழுதப்பட்டது. இலங்கையின் பெயரும் அதில் அடிபட்டது. எனினும் அச்சம்பவத்தை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இன்றும் இருப்பதாகவே நாம் கருதுகின்றோம். கணினிப் பாதுகாப்பு என்றவுடன் புரியாத மென்பொருள்களும் இரகசியக் குறியீடுகளுமே எமது மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் டாக்காவில் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால், சாதாரண மனிதர்கள் சாதாரணமாகச் செய்கின்ற காரியங்களே வழிநெடுகிலும் காணப்படுகின்றன.

கொள்ளையின் தொடக்கம் அதற்கு ஓராண்டுக்கு முற்பட்டது. 2015 ஜனவரியில் வங்கி ஊழியர்கள் சிலருக்கு வேலை தேடும் ஒருவரின் பெயரில் பணிவான மின்னஞ்சல் ஒன்று வந்தது. தமது சுயவிபரக் கோவையைப் பார்வையிடுமாறு அவர் அதில் கேட்டிருந்தார். அப்படியொருவர் இருக்கவேயில்லை. கோவையைப் பார்ப்பதற்கான இணைப்பு வங்கிக்குள் திறக்கப்பட்டது. அமெரிக்கப் புலனாய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட நீதிமன்ற ஆவணமொன்றில் இவ்விபரங்கள் காணப்படுகின்றன. வட கொரியாவுடன் தொடர்புபட்ட குழுவொன்றின் வேலையே இது என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. வட கொரியா அதனை மறுத்தது. வேலையற்ற ஒருவரின் கடிதத்தைத் திறந்து பார்ப்பது பாவமான செயலன்று. எமது நாட்டில் அதனைத் திறக்காமல் விடும் அலுவலரைத்தான் இரக்கமற்றவர் என்பார்கள்.

உள்ளே நுழைந்தவர்கள் அவசரப்படவில்லை. வங்கி எவ்வாறு இயங்குகின்றது, யார் எப்போது எந்தக் கணினியில் அமர்கின்றார் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் இருந்து கவனித்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்த நாளிலேயே அந்தக் கவனிப்பு வெளிப்படுகின்றது. பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. டாக்காவில் ஞாயிறன்று வங்கி திறக்கும்போது நியூயோர்க்கில் விடுமுறை. பணம் போய்ச் சேரவேண்டிய மணிலாவில் திங்கட்கிழமை, 8 ஆம் திகதி, சீனப் புத்தாண்டு விடுமுறை. ஜும்ஆ தொழுகைக்கான நாளும் ஞாயிற்றுக்கிழமையும் புத்தாண்டும் இணைந்து கள்வர்களுக்கு நான்கு முழு நாட்களை வழங்கின. எந்தக் கணினியும் தராத ஆயுதத்தை நாட்காட்டி தந்தது.

வங்கியின் பத்தாவது மாடியில் மிகுந்த பாதுகாப்புள்ள அறையொன்றில் அச்சுப்பொறியொன்று இருந்தது. ஒவ்வொரு பரிமாற்றத்தின் பதிவையும் அது தானாகவே அச்சிட்டுத் தள்ளும். வெள்ளிக்கிழமை காலை அது இயங்கவில்லை. கள்வர்களின் மென்பொருளே அதனை முடக்கியிருந்தது. பணியிலிருந்தவர்கள் வழமையான கோளாறு என்று எண்ணி அதனை அன்று பெரிதுபடுத்தவில்லை. அச்சுப்பொறி பழுதாகாத அலுவலகம் உலகில் எங்குண்டு? பிரின்டர் வேலை செய்யாவிட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த நாள் பார்ப்போம் என்று விடுவது டாக்காவுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. ஒரு நாட்டின் செல்வம் களவு போவதை அறிவிக்கக்கூடிய ஒரேயொரு மணியாக அந்த அச்சுப்பொறி இருந்தது என்பதை அதனருகில் இருந்தவர்களுக்கு எவரேனும் எடுத்துக் கூறியிருந்தார்களா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. வங்கியில் முறையான தீச்சுவர்ப் பாதுகாப்பு இருக்கவில்லை என்றும், 10 டொலர் பெறுமதியான பாவித்த வலையமைப்புக் கருவிகளே பயன்படுத்தப்பட்டன என்றும் விசாரணையில் ஈடுபட்ட பொலிஸ் அதிகாரியொருவர் பின்னர் தெரிவித்திருந்தார். அந்தக் கருவிகளை வாங்கத் தீர்மானித்தவர் அச்சுப்பொறியின் அருகில் இருந்த ஊழியர் அல்லர்.

மணிலாவின் ஜுபிட்டர் வீதியிலுள்ள வங்கிக் கிளையொன்றில் 2015 மே மாதத்திலேயே போலி அடையாளப் பத்திரங்களைக் காட்டிக் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 500 டொலர் இடப்பட்டிருந்தது. பின்னர் மாதக்கணக்காக அவற்றில் எவ்வித அசைவும் இருக்கவில்லை. திடீரென அக்கணக்குகளுக்கு 81 மில்லியன் டொலர் வந்து சேர்ந்தது. கொடுப்பனவை நிறுத்துமாறு டாக்காவிலிருந்து அனுப்பப்பட்ட செய்தி விடுமுறை நாளில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கிளை திறந்த பின்னரும் பணம் வெளியேறியது. அது உள்ளூர் நாணயமாக மாற்றப்பட்டு கசினோக்களுக்குள் சென்று மறைந்தது. பணச்சலவைத் தடைச் சட்டம் அப்போது பிலிப்பைன்ஸில் கசினோக்களைக் கட்டுப்படுத்தவில்லை; 2017 இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அக்கிளையின் முன்னாள் முகாமையாளரை 2019 ஜனவரியில் மணிலா நீதிமன்றமொன்று குற்றவாளியாகக் கண்டது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஆளுநர் அதற்கு முன்பே, 2016 மார்ச் மாதத்தில், பதவி விலகியிருந்தார்.

951 மில்லியனுக்கு முயன்றவர்களுக்கு 81 மில்லியனே கிடைத்தது ஏன் என்பது இக்கதையின் மற்றைய பாதி. அதில் அதிர்ஷ்டத்திற்கும் பங்குண்டு. 'ஜுபிட்டர்' என்ற வீதியின் பெயர், அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்த கப்பலொன்றின் பெயருடன் ஒத்திருந்தமையால் நியூயோர்க்கில் கட்டளைகள் தடைப்பட்டு, மனிதக் கண்களால் பரிசீலிக்கப்படும் நிலைக்கு வந்தன. சுமார் 850 மில்லியன் டொலருக்கான கட்டளைகள் அவ்வாறு நின்றுபோயின.

எஞ்சிய 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு வந்தது. இங்குள்ள தொண்டு நிறுவனமொன்றின் பெயருக்கு, பான் ஏசியா வங்கியிலிருந்த கணக்கிற்கு அது அனுப்பப்பட்டிருந்தது. எமது நாட்டிலுள்ள ஒரு சிறு நிறுவனத்திற்கு இத்தனை பெரிய தொகையா என்ற ஐயம் கொழும்பில் எழுந்தது. பணம் கடந்து வந்த டொய்ச் வங்கியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்றிருக்க வேண்டிய சொல் 'பண்டேஷன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்தமையும் கவனத்திற்கு வந்தது. பணம் திருப்பி அனுப்பப்பட்டது. எழுத்துப்பிழையைக் கண்டால் முகஞ்சுளிக்கும் தொழிலைச் செய்பவர்கள் என்ற வகையில், ஓர் எழுத்துப்பிழை 20 மில்லியன் டொலரைக் காப்பாற்றியது என்ற செய்தி எமக்குத் தனிப்பட்ட திருப்தியைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பாதுகாப்புச் சங்கிலியில் மனிதனே பலவீனமான கண்ணி என்ற கூற்று கணினித் துறையில் தேய்ந்த வாசகமாகிவிட்டது. டாக்காவைப் பார்த்தால் அது உண்மை போலவே தோன்றும். ஆனால் கொழும்பையும் சேர்த்துப் பார்க்கும்போது அது அரை உண்மையாகிவிடுகின்றது. சங்கேதங்கள் சரியாக இருந்தமையால் கணினிகள் கட்டளைகளை ஏற்றுக்கொண்டன. 'இது சரியாகப் படவில்லையே' என்று தயங்கியவர்கள் மனிதர்கள். ஆகவே மனித இயல்பைக் குறைகூறுவதைக் காட்டிலும், அது எந்த ஏற்பாட்டில் ஓட்டையாகின்றது, எந்த ஏற்பாட்டில் வேலியாகின்றது என்று ஆராய்வதே பயனுடையது.

கடவுச்சொல்லை எடுத்துக்கொள்வோம். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேர்ட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் தாம் திரட்டிய 3289 கடவுச்சொற்களைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் 15 சொற்கள் ஒரேயொரு எழுத்தாலானவை. 72 சொற்கள் இரண்டெழுத்தாலானவை. அகராதியில் காணப்படுபவையும் மிகக் குறுகியவையுமாக மொத்தம் 2831 சொற்கள், அதாவது 86 வீதம், இலகுவாகக் கண்டுபிடிக்கக்கூடியவையாக இருந்தன. அவற்றை அமைத்தவர்கள் கணினியே காணாத பாமரர்கள் அல்லர். அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் அத்துறையைச் சார்ந்தவர்களே. (அந்த மொறிஸின் மகன் 1988 நவம்பரில் இணையத்தில் பரவவிட்ட நிரல், வேறு வழிகளுடன், பலரும் வைக்கக்கூடிய கடவுச்சொற்களின் பட்டியலொன்றையும் வைத்துக்கொண்டே கணினிகளுக்குள் புகுந்தது. தந்தை எழுதி வைத்த எச்சரிக்கைக்கு மகனே சாட்சியானார்.)

இதற்கு நிர்வாகங்கள் கண்ட மருந்து கட்டுப்பாடு. பெரிய எழுத்து வேண்டும், இலக்கம் வேண்டும், குறியீடு வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று விதிகள் வந்தன. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய பில் பர் 2003 இல் எழுதிய வழிகாட்டி உலகெங்கும் வேதவாக்காகக் கொள்ளப்பட்டது. விளைவு என்ன? மனிதர்கள் விதிக்குப் பணிந்தார்கள்; ஆனால் மனிதர்களைப் போலவே பணிந்தார்கள். பழைய சொல்லின் இறுதியில் 1 இருந்தால் அதனை 2 ஆக்கினார்கள். வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பழைய கடவுச்சொல்லை அறிந்திருந்தால் 17 வீதமான கணக்குகளின் புதிய சொல்லை ஐந்து முயற்சிகளுக்குள் ஊகித்துவிடலாம் எனக் கண்டனர். 2017 இல் அந்த நிறுவகம் தனது வழிகாட்டியைத் திருத்தி, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிட்டது. தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக பில் பரும் அதே ஆண்டில் கூறினார். ஆனால் எமது நாட்டின் பல அலுவலகங்களில் அந்தக் காலாவதியான விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. விசைப்பலகையின் கீழே ஒட்டப்பட்டிருக்கும் சிறு காகிதத்துண்டு அதன் நேரடிப் பிள்ளை.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆன் அடம்ஸ், அஞ்சலா சஸ்ஸே ஆகியோர் 1999 இலேயே இதனைச் சுட்டிக்காட்டியிருந்தனர். ஊழியர்கள் விதிகளை மீறுவது அலட்சியத்தால் அன்று. விதிகள் அவர்களது வேலையுடன் முரண்படுவதாலும், ஏன் அவ்விதி என்று எவரும் விளக்காததாலுமே என்பது அவர்களது ஆய்வின் சாரம். இக்கருத்து அன்று போதியளவு காதில் விழவில்லை. பிழை பாவனையாளருடையது என்று சொல்வது நிர்வாகத்துக்கும் மென்பொருள் செய்பவருக்கும் ஒருங்கே வசதியானது.

2000 ஆம் ஆண்டு மே 4 ஆம் திகதி மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் பலருக்கு நினைவிருக்கலாம். காதல் கடிதம் என்ற பெயரில் வந்த கோப்பினைத் திறந்தவர்களைப் பார்த்து உலகம் சிரித்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மின்னஞ்சல் சேவையே அன்று நிறுத்தப்பட்டது என்றால், சிரித்தவர்களும் அகப்பட்டிருப்பார்கள். அக்கடிதம் முன்பின் தெரியாதவரிடமிருந்து வரவில்லை. நண்பரின், உறவினரின், மேலதிகாரியின் முகவரியிலிருந்தே வந்தது. மேலும், அக்கோப்பின் பெயர் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றினுடையது போலவே திரையில் தெரிந்தது. அது இயங்கக்கூடிய நிரல் என்பதைக் காட்டும் கடைசி மூன்று எழுத்துகளை விண்டோஸ் இயக்க முறைமை, பாவனையாளரின் வசதிக்காக என்று, மறைத்து வைத்திருந்தது. கண்ணைக் கட்டிவிட்டுக் குழியில் விழுந்தாயே என்று கேட்பதைப் போன்றது இது.

ஆர்வமும் அன்பும் ஒருபுறமிருக்க, கள்வர்கள் மிக அதிகமாக நம்பியிருப்பது எமது கீழ்ப்படிதலையும் அவசரத்தையும்தான். தொலைபேசியில் அதிகாரத் தோரணையுடன் பேசி இரகசியங்களைப் பெறுவதில் பேர்போனவர் அமெரிக்கரான கெவின் மிட்னிக். சிறைவாசம் முடிந்து 2000 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன்னிலையில் தோன்றிய அவர், மனிதர்களை வசப்படுத்துவதன் மூலமே தாம் பெரிதும் வெற்றிபெற்றதாகவும் பல வேளைகளில் தொழில்நுட்பத் தாக்குதலே தேவைப்படவில்லை எனவும் விளக்கினார். கால் நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. வேடம் மாத்திரமே மெருகேறியுள்ளது. 2024 இல் பிரித்தானியப் பொறியியல் நிறுவனமான அருப்பின் ஹொங்கொங் ஊழியர் ஒருவருக்குத் தலைமையகத்தின் நிதி அதிகாரியின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. அவர் சந்தேகப்பட்டார். பின்னர் காணொளி அழைப்பொன்றில் அந்த அதிகாரியையும் சக ஊழியர்களையும் கண்டபோது சந்தேகம் நீங்கியது. அழைப்பிலிருந்த மற்றைய அனைவரும் கணினியால் உருவாக்கப்பட்ட போலிகள். 15 தடவைகளில் சுமார் 25 மில்லியன் டொலர் கைமாறியது.

அந்த ஊழியரின் இடத்தில் எமது நாட்டு அரச அலுவலர் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். மேலதிகாரி அவசரம் என்கின்றார். 'சேர், ஒரு நிமிடம் பொறுங்கள், நீங்கள்தானா என்று உங்கள் அலுவலக இலக்கத்துக்கு நானே அழைத்து உறுதிப்படுத்துகின்றேன்' என்று சொல்லக்கூடிய முகாமைத்துவ உதவியாளர் எத்தனை பேர்? சொன்னால் அவருக்குக் கிடைப்பது பாராட்டா, இடமாற்றமா? கச்சேரிக் காலம் தொட்டு வளர்ந்துவந்த எமது அலுவலகப் பண்பாட்டில் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு. இறப்பர் முத்திரையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் அதே அதிகாரி, தமது கடவுச்சொல்லைக் கீழுள்ள ஊழியரிடம் கூறி, 'எனக்கு வந்த மெயிலைப் பார்த்துப் பதில் போடுங்கள்' என்று விட்டுவிடுகின்றார். அதிகாரமுள்ளவரே விதியை மீறும் இடத்தில் சிற்றூழியருக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவதால் ஆவதொன்றுமில்லை.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவைக்கு நேர்ந்த கதியை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். கப்பம் கோரும் நிரலொன்று தாக்கியதில், அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான கடிதங்கள் மீட்க முடியாது அழிந்தன; அக்காலத்துக்குரிய பிரதி எங்கும் இருக்கவில்லை. அண்மைய வாரங்களில் ஊழியர்களுக்குச் சந்தேகத்திற்கிடமான இணைப்புகள் வந்தன என்றும் யாரேனும் ஒருவர் அதனை அழுத்தியிருக்கலாம் என்றும் அப்போது கூறப்பட்டது. அழுத்தியிருக்கலாம்தான். ஆனால் பயன்படுத்தப்பட்ட மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021 முதல் அதனைப் புதுப்பிக்க வேண்டியிருந்தும் நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் அது தாமதமானதாகப் பொறுப்பான நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரு விரல் ஒரு தடவை அழுத்தியதற்கும், ஒரு சபை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கும் இடையில் எது பெரிய மனிதத் தவறு? புதுப்பிக்காமல் விடுவதும் பிரதி எடுக்காமல் விடுவதும் மனித நடத்தைகளே. அவை கூட்ட அறிக்கைகளில் மறைந்திருப்பதால் எவரது கண்ணுக்கும் படுவதில்லை.

எமது நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கணினி அவசர நிலைமைகளைக் கையாள 2006 இல் ஆரம்பிக்கப்பட்ட 'சேர்ட்' அமைப்பும் உண்டு. இவை குற்றம் நிகழ்ந்த பின்னரே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன.

தவறு நேரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அத்தவறு அழிவாக மாறாதபடி ஏற்பாடு செய்வதே அறிவுடைய வழி. கூகுள் நிறுவனம் 2017 தொடக்கத்தில் தனது 85,000 இற்கும் மேற்பட்ட ஊழியர்கள் அனைவரும் சாவி போன்ற சிறு கருவியொன்றைக் கணினியில் பொருத்தினாலன்றி உள்நுழைய முடியாது என்று செய்தது. போலித் தளத்தில் ஊழியர் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாலும் அந்தக் கருவி அத்தளத்திற்கு இணங்காது. அதன் பின்னர் ஓராண்டுக்கும் மேலாக எந்தவோர் ஊழியரின் கணக்கும் அவ்வாறான மோசடியால் பறிபோகவில்லை என அந்நிறுவனம் 2018 இல் தெரிவித்தது. அந்த 85,000 பேரும் ஒரே இரவில் ஞானிகளாகிவிடவில்லை. இத்தகைய கருவிகள் எமக்கு எட்டாதவை என்று ஒதுக்கத் தேவையில்லை. இதே தத்துவம் எமது கூட்டுறவுச் சங்கங்களில் கணினிக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. காசோலையில் தலைவரும் பொருளாளரும் ஆக இருவர் கையொப்பமிட வேண்டும் என்ற விதியை வகுத்தவர்கள், தலைவர் கள்வர் என்றோ பொருளாளர் மடையர் என்றோ கருதி அதனை வகுக்கவில்லை. பெரிய தொகையாயின் இரண்டாவது ஒருவரின் ஒப்புதல், கணக்கு இலக்கம் மாறினால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசிக்கு அழைப்பு, கேள்வி கேட்ட ஊழியருக்கு நிர்வாகத்தின் எழுத்துமூல ஆதரவு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் இவ்விடயத்திற்கு வேறொரு பக்கமும் உண்டு. மூதூரிலோ மன்னாரிலோ அக்கரைப்பற்றிலோ வாழும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்புகின்றான். அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கியின் செயலியைக் கையடக்கத் தொலைபேசியில் நிறுவ வேண்டும். அவர் கடைத்தெருவிலுள்ள கொமியூனிகேஷனுக்குச் செல்கின்றார். கடையிலுள்ள இளைஞர் மின்னஞ்சல் முகவரியை உருவாக்குகின்றார், கடவுச்சொல்லை வைக்கின்றார், அதனை ஒரு துண்டில் எழுதியும் கொடுக்கின்றார். பெரும்பாலும் அவர் நல்ல பிள்ளை. அடுத்த முறை அந்தத் தாய் அவரிடமே செல்வார். ஓய்வூதியம் பெறும் முதியவர் தன்னியக்க அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் பேரனிடம் கொடுத்து அனுப்புவதும் இவ்வாறே. கடவுச்சொல்லை எவரிடமும் கூறவேண்டாம் என்ற அறிவுரை, தானே வாசித்துத் தானே தட்டச்சு செய்யக்கூடியவரை மனதிற்கொண்டு எழுதப்பட்டது. இவர்களுக்கு நம்பிக்கை என்பது அசட்டுத்தனம் அன்று, வேறு வழியில்லாமை.

கள்வர்கள் இதனை அறிவார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகவும், பரிசு விழுந்திருப்பதாகவும், கணக்கு முடக்கப்படப் போவதாகவும் கூறி, தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தைக் கேட்டுப் பெறுபவர்கள் நல்ல தமிழில் பேசுகின்றார்கள். 'அம்மா' என்றோ 'உம்மா' என்றோ இடமறிந்து அழைக்கின்றார்கள். ஆனால் அந்த இலக்கத்தைத் தாங்கி வரும் வங்கியின் குறுஞ்செய்தியும், இதனை எவருக்கும் கூறவேண்டாம் என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. திருடன் தாய்மொழியில் பேசுகின்றான். காவற்காரன் அந்நிய மொழியில் எச்சரிக்கின்றான். 1987 முதல் அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழியாக உள்ள நாட்டில், மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைகளுடன் முடிந்துவிடும் விடயம் என்று நாம் எண்ணிவிட்டோம் போலும்.

வங்கிகளின் இந்தப் பழக்கத்திற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் கூறப்படலாம். ஆங்கிலக் குறுஞ்செய்தியொன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் 70 எழுத்துகளே அடங்கும். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'இந்த இலக்கத்தை எவருக்கும் கூறவேண்டாம். வங்கி ஒருபோதும் இதனைக் கேட்காது' என்று எழுதினால் அந்த 70 உம் நிரம்பிவிடும். இலக்கத்தை அறிவிப்பதற்கு இரண்டாவது குறுஞ்செய்தி தேவைப்படும். அந்த இரண்டாவது குறுஞ்செய்திக்கு என்ன செலவாகும் என்பதை வங்கிகள் அறியும். அதனை அனுப்பாததால் என்ன செலவாகின்றது என்பதைக் கணக்கெடுத்து வெளியிடுமாறு மத்திய வங்கி அவற்றைக் கேட்கவேண்டும்.